துண்டை எண்ணாமல் மாவை நிறுங்கள்
வாசகர் கேள்வி – பதில்

நிறை குறைப்பவர்கள் பீற்சா சாப்பிடலாமா என்று சென்ற இதழில் ஒருவர் கேட்டிருந்தார். இடப் பற்றாக்குறையால் "சாப்பிடலாம்" என்று ஒரே சொல்லில் பதில் போட்டோம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களுக்கு இம்முறை பக்கம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம்.

கே: எனக்கு 43 வயது. உயரம் 154 சென்ரிமீற்றர், நிறை 68 கிலோ. கந்தோரில் கதிரையில் இருந்து செய்கிற வேலை. ஆறு மாதமாகச் சோற்றைக் குறைத்து, தேத்தண்ணிக்குச் சீனியை விட்டு, மூன்று கிலோ இறக்கினேன். சனிக்கிழமை இரவில் பிள்ளைகள் பீற்சா எடுப்பிப்பார்கள். நான் பக்கத்தில் பிளேன்ரீயோடு இருப்பேன். எல்லாரும் படுத்த பிறகு பெட்டியில் மிஞ்சிக் கிடப்பதைக் குசினிக்குள் நின்றபடியே முடித்துவிடுகிறேன். இதற்கு என்ன வழி?
– ஒரு வாசகி, கொக்குவில்

ப: மேசையில் பிள்ளைகளோடு இருந்து இரண்டு துண்டு சாப்பிட்டிருந்தால், பதினொரு மணிக்கு நான்கு துண்டு இறங்கியிராது. அடுத்த சனிக்கிழமை உங்களுக்கும் ஒரு தட்டை வையுங்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். உங்கள் உயரத்துக்கும் வேலைக்கும் நாளொன்றுக்கு 1500 கலோரி அளவில் நின்றால் நிறை மெல்ல இறங்கும். அதில் இராச் சாப்பாட்டுக்கு 450 முதல் 500 வரை ஒதுக்கலாம். பீற்சாவில் கலோரி வருவது மூன்று இடங்களிலிருந்துதான். கோதுமை மா 100 கிராமில் ஏறக்குறைய 360. மொஸரெல்லா சீஸ் 100 கிராமில் 280 முதல் 300. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியில் 120. தக்காளி, வெங்காயம், கறிமிளகாய், காளான் எல்லாம் சேர்ந்தாலும் கணக்கில் எடுபடாது. ஆகவே மேலே என்ன போட்டிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், கீழே மா எவ்வளவு தடிப்பு என்று பாருங்கள்.

14 அங்குலச் சாதாரண சீஸ் பீற்சாவை எட்டாக வெட்டினால் ஒரு துண்டு 107 கிராம் அளவில் வரும். அதில் 285 கலோரி இருக்கும். நமக்குப் பழகிய அளவில் சொன்னால், கால் றாத்தல் பாணில் 300 கலோரி. ஒரு பெரிய துண்டு பீற்சா என்பது கறி இல்லாத கால் றாத்தல் பாண் என்று மனதில் வைத்துக்கொண்டால் பிறகு கணக்குத் தவறாது.

துண்டு என்பது அளவே அல்ல என்பதையும் கவனியுங்கள். 12 அங்குலப் பீற்சாவின் எட்டில் ஒன்று 14 சதுர அங்குலம். 9 அங்குலத்தின் ஆறில் ஒன்று பத்தரைச் சதுர அங்குலம். 14 அங்குலத்தின் எட்டில் ஒன்று 19. மூன்றையும் "ஒரு துண்டு" என்றுதான் சொல்கிறோம். "ரெண்டு துண்டுதானே சாப்பிட்டனான்" என்பதற்குள் 21 சதுர அங்குலமும் அடங்கும், 38 சதுர அங்குலமும் அடங்கும். உங்களுக்கு நாங்கள் சொல்லக்கூடிய அளவு: மெல்லிய அடி உள்ள 9 அங்குலப் பீற்சாவில் பாதி, அல்லது 12 அங்குலத்தில் இரண்டு துண்டு. தடித்த அடியென்றால் இதில் மூன்றில் ஒரு பங்கைக் கழியுங்கள்.

தடித்த 'பான்' வகையில் எண்ணெய்க்கும் பங்குண்டு. தட்டில் எண்ணெய் ஊற்றி, அதன் மேல் மாவை வைத்துப் பொங்கவிடுகிறார்கள். வேகும்போது அடிப்பாகம் அந்த எண்ணெயில் பொரிகிறது. அந்த மொறுமொறுப்புக்கு விலை அதுதான். விளிம்புக்குள் சீஸ் அடைத்த வகையை நிறை குறைக்கும் காலத்தில் எடுக்காமல் விடுவது நல்லது. ருசி தெரிகிற இடம் நடு, கலோரி கூடுகிற இடம் ஓரம். நட்டமான வியாபாரம்.

மேசை ஒழுங்கு இப்படி இருக்கட்டும். பெட்டி வந்தவுடன் உங்கள் பங்கைத் தட்டில் எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கிடுங்கள். மிஞ்சும் என்று தெரிந்தால் சாப்பிடத் தொடங்குவதற்கு முன்பே அதைக் குளிர்சாதனப்பெட்டிக்குள் வையுங்கள், பிறகல்ல. பீற்சாவுக்கு முன் ஒரு கோப்பை வெள்ளரிக்காய், தக்காளி, வெங்காயம், தேசிக்காய்ப்புளி விட்டுப் பிசைந்தது. வெண்ணெய் பூசிய உள்ளிப் பாண் வேண்டாம். பாணுக்கு முன் ஒரு பாண் எதற்கு?

சோடா விடயத்திலும் ஏமாறாதீர்கள். நம் நாட்டில் மென்பானப் போத்தல்களில் 2016 முதல் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று சீனி அளவைக் காட்டும் நிறம் இருக்கிறது. செம்மஞ்சள் என்றால் சீனி குறைவு என்று பலர் எண்ணுகிறார்கள். 100 மில்லிலீற்றருக்கு 2 முதல் 11 கிராம் வரை உள்ள எல்லாமே செம்மஞ்சள்தான். 10 கிராம் உள்ள 400 மில்லிலீற்றர்ப் போத்தலைக் குடித்தால் 40 கிராம் சீனி, 160 கலோரி. ஏறத்தாழ 9 அங்குலப் பீற்சாவின் ஒரு துண்டைத் தண்ணீராகக் குடித்ததுக்குச் சமன். வீட்டு நெல்லி கிறஷும் இதற்கு விலக்கல்ல.

கே: "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்று 9 அங்குலம் இரண்டு எடுப்பது நல்லதா, 12 அங்குலம் ஒன்று எடுப்பது நல்லதா?
– மாணவன், திருநெல்வேலி

ப: 9 அங்குலம் இரண்டு 127 சதுர அங்குலம், 12 அங்குலம் ஒன்று 113. காசுக் கணக்கில் இரண்டு வென்றுவிடும். வயிற்றுக் கணக்கில், இரண்டாவது பெட்டியைத் திறக்க ஆள் இருந்தால் மட்டும் எடுங்கள். அறையில் தனியே இருப்பவருக்கு இலவசம் என்று ஒன்று கிடையாது.

கே: கடைச் சாப்பாடு வேண்டாம் என்று வீட்டில் செய்கிறேன். அவன் (oven) இல்லை, காஸ் அடுப்பு மட்டும்தான். இரண்டு கப் மாவில் 10 அங்குலத்துக்கு ஒன்று செய்தால் பாண் மாதிரித் தடித்து வருகிறது. நடுவில் களி. அடி கருகல். நிறையும் குறையவில்லை.
– ச. யோ., மானிப்பாய்

ப: உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது: இரண்டு கப் மா. ஒரு கப் மட்டமாக அள்ளினால் 120 கிராம் அளவில் வரும். இரண்டு கப் 240 கிராம். மாவிலேயே 860 கலோரி. அதை ஒரே 10 அங்குலத்துக்குள் அடக்கினால் தடிக்காமல் என்ன செய்யும்? நெருப்பு உள்ளே போவதற்குள் அடி கருகிவிடும். வீட்டில் செய்வதெல்லாம் கடையை விட இலேசு என்பது பொதுவாக உண்மைதான், ஆனால் உங்கள் பீற்சா கடைப் பீற்சாவை விடப் பாரமானது.

10 அங்குலத்துக்கு, அதாவது 25 சென்ரிமீற்றருக்கு, வேண்டியது இவ்வளவுதான்: கோதுமை மா 110 கிராம், தண்ணீர் 70 மில்லிலீற்றர், உலர் ஈஸ்ட் அரைத் தேக்கரண்டி, உப்பு 2 கிராம் (கால் தேக்கரண்டிக்குக் கொஞ்சம் கூட). சீனி தேவையில்லை. ஈஸ்டுக்கு மாவே போதிய தீன்.

செய்முறைகளில் "இளஞ்சூடான தண்ணீர்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கேத்தில் தண்ணீரை ஊற்றி ஈஸ்டைக் கொல்பவர்கள் உண்டு. அந்த வரி குளிர் நாட்டுக்காரருக்கு எழுதியது. நம்முடைய வெக்கைக்குக் குடத்துத் தண்ணீரே போதும். உங்கள் கிணறு உவர் என்றால் உப்பைப் பாதியாகக் குறையுங்கள். உப்புக் கூடினால் மாப் பொங்குவது மந்தமாகும்.

எட்டு நிமிடம் குழைத்து, மூடி, வெளியில் வைத்தால் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் இரட்டிப்பாகும். நடுப்பகல் 32 பாகையில் அதற்கும் முந்திவிடும், மணிக்கூட்டைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். புளித்த மணம் வந்து, இழுத்தால் கிழிந்தால், நேரம் கடந்துவிட்டது. எங்களுடைய விருப்பம் வேறு: ஈஸ்டைக் கால் தேக்கரண்டியாகக் குறைத்து, முதல் நாள் இரவே குழைத்துக் குளிர்சாதனப்பெட்டியில் வைத்துவிடுவது. ருசி கூடும். மெல்லிசாகவும் இழுபடும். செய்வதற்கு ஒரு மணி நேரம் முன் வெளியே எடுங்கள். குளிரோடு இழுத்தால் ரப்பர் போலச் சுருங்கிக்கொள்ளும். சுருங்கினால் அதனோடு மல்லுக்கட்டாமல் பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டுத் திரும்ப இழுங்கள்.

அடுத்தது சோஸ். கால் கிலோ தக்காளியை வெந்நீரில் போட்டுத் தோலுரித்து, விதையோடு வரும் தண்ணீரை வடித்து, மூன்று பல் உள்ளி, ஒரு தேக்கரண்டி எண்ணெய், ஒரு சிட்டிகை உப்போடு, கரண்டியில் கோடு கீறினால் நிற்கும்வரை வற்றவிடுங்கள். 120 கிராம் அளவில் மிஞ்சும். அது இரண்டு பீற்சாவுக்குக் காணும். போத்தலில் வரும் தக்காளிச் சோஸை இதற்குப் பதிலாகப் பூசினால் மேசைக்கரண்டிக்கு ஏறக்குறைய 4 கிராம் சீனி கூடவே வரும். மூன்று கரண்டி பூசினால் அடுப்படியில் மூன்று தேக்கரண்டி சீனியைத் தூவியதுபோலத்தான். சீனி கருகும் என்பது வேறு.

இனித் தோசைக்கல். தடித்த இரும்புக்கல்லை நடுநெருப்பில் ஐந்து நிமிடம் காயவிடுங்கள். எண்ணெய் வேண்டாம். கல்லின் அளவுக்கு இழுத்த மாவை அப்படியே போட்டு, இரண்டு நிமிடத்தில் கொப்புளம் எழும்பி அடியில் பழுப்புப் புள்ளி விழுந்ததும் திருப்புங்கள். மறுபக்கம் ஒரு நிமிடம். இப்போது முதலில் வெந்த பக்கம் மேலே இருக்கும். அதில்தான் சோஸ் பூச வேண்டும். பச்சை மாவின் மேல் சோஸ் பூசுவதால்தான் நடு களியாகிறது. பிறகு சீஸ் 60 கிராம், அதன் மேல் கறிமிளகாய், வெங்காயம். நெருப்பை நன்றாகத் தணித்து, மூடி, நான்கு ஐந்து நிமிடம்.

மூடியில் ஆவி படிந்து சொட்டுவது இந்த முறையின் பெருந்தொல்லை. மூடியின் உட்பக்கத்தை ஒரு துணியால் மூடி, துணியின் நுனிகளை மேலே எடுத்து முடிந்துவிடுங்கள். நுனி கீழே தொங்கினால் நெருப்புப் பிடிக்கும். அல்லது இரண்டாவது நிமிடத்தில் மூடியைத் திறந்து துடைத்துவிட்டு மூடுங்கள்.

நெருப்புத் தணிவாக இருப்பதால் மேலே போடும் இறால், கோழி, காளான் எதுவும் இந்த முறையில் வேகாது, சூடுதான் ஏறும். முன்பே வேகவைத்து, தண்ணீர் வற்றியதைத்தான் போட வேண்டும். மேசையில் வைக்கும் மின் அவன் யாரிடமாவது இருந்தால்: தட்டை உள்ளே வைத்தே உச்ச வெப்பத்தில், 230 முதல் 250 பாகைக்கு, 25 நிமிடம் காயவிட்டுப் பிறகு மாவை அந்தச் சூட்டுத் தட்டில் ஏற்றுங்கள். பத்து முதல் பன்னிரண்டு நிமிடம். நேப்பிள்ஸில் விறகுப் போறணையில் 485 பாகை அளவில் ஒன்றரை நிமிடத்துக்குள் எடுத்துவிடுகிறார்கள். அந்தக் கலையை 2017இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலிலும் சேர்த்தது. வீட்டு அவனில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

இந்த அளவில் 60 கிராம் இறாலும் போட்டுச் செய்த முழுப் பீற்சா: மா 395, சீஸ் 175, சோஸும் எண்ணெயும் 60, இறால் 60, மரக்கறி 25. மொத்தம் 715. பாதி சாப்பிட்டால் 360க்குள்.

கே: கோதுமை மாவுக்குப் பதிலாகக் குரக்கன் மாவிலோ ஒடியல் மாவிலோ செய்தால் நிறை குறையுமா?
– வாசகி, நெல்லியடி

ப: குறையாது. இது நிறையப் பேர் விழுகிற குழி. குரக்கன் மாவிலும் 100 கிராமுக்கு 320க்கு மேல் கலோரி இருக்கிறது. கோதுமை மாவுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் நார்ச்சத்திலும் கல்சியத்திலும்தான். நார் கூடினால் வயிறு கொஞ்சம் நேரத்துக்கு நிறைந்திருக்கும், அந்த அளவில் நன்மை. ஆனால் "குரக்கன்தானே" என்று ஒரு துண்டு கூடச் சாப்பிட்டால் கணக்குக் கவிழ்ந்துவிடும்.

சேர்ப்பதென்றால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம்: 110 கிராமில் 22 கிராம் குரக்கன். குரக்கனிலும் ஒடியலிலும் இழுபடும் பசையம் இல்லை. அளவு கூடினால் மா பொங்காது, இழுத்தால் வெடிக்கும். குரக்கன் தண்ணீரை உறிஞ்சும் என்பதால் இரண்டு தேக்கரண்டி தண்ணீர் கூட விடுங்கள். ஒடியல் மாவைப் பிட்டுக்கும் கூழுக்கும் வைத்திருங்கள். அதன் காறலை எடுக்க ஊறவைத்துப் பிழிய வேண்டும், பிறகு ஈஸ்ட் மாவோடு சேராது. ஆட்டா மாவைப் பாதிக்குப் பாதி சேர்க்கலாம், அது நன்றாக வரும்.

ஊரில் இன்னும் சில பெரியவர்கள் கோதுமை மாவை அமெரிக்கன் மா என்றுதான் சொல்வார்கள். பெயரில் இருக்கிற பயத்தை அவர்கள் பீற்சாவுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். அதே மாவில் சுட்ட றொட்டியை யாரும் குறை சொல்வதில்லை.

கே: ஞாயிற்றுக்கிழமை இரவு மூன்று துண்டு சாப்பிட்டேன். திங்கள் காலை தராசில் 1.3 கிலோ கூட. ஒரு கிழமை பட்ட பாடு ஓர் இரவில் போய்விட்டதே!
– த. ப., பருத்தித்துறை

ப: போகவில்லை. ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேர ஏறக்குறைய 7700 கலோரி தேவைக்கு மிஞ்ச வேண்டும். 285 கலோரித் துண்டென்றால் 27 துண்டு, அதுவும் அன்றாடச் சாப்பாட்டுக்கு மேலாக. நீங்கள் சாப்பிட்டது மூன்று.

தராசு காட்டியது தண்ணீரை. சீஸிலும் மாவிலும் சோஸிலும் உப்பு இருக்கிறது. ஒரு பெரிய துண்டில் ஏறக்குறைய ஒன்றரைக் கிராம். மூன்று துண்டில் நாலரை. உலக சுகாதார நிறுவனம் முழு நாளுக்கும் 5 கிராமுக்குக் குறைவாக என்கிறது. அந்த உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதோடு, ஒரு கிழமை மாப்பொருளைக் குறைத்திருந்தவருக்குத் தசையிலும் ஈரலிலும் கிளைகோஜன், அதாவது உடம்பு சேமித்து வைக்கும் மாப்பொருள், வற்றிப்போயிருக்கும். திடீரென்று மா கிடைத்ததும் அது நிரம்புகிறது. கிளைகோஜன் ஒரு கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீர் கூடவே ஏறும். மூன்றாம் நாள், நான்காம் நாள் பார்த்தால் இறங்கியிருக்கும்.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. திங்கள் காலை தராசைப் பார்த்துப் பயந்து பகல் முழுவதும் பட்டினி கிடந்து, இரவு கொத்துறொட்டியில் விழுந்தீர்களா? அப்படியென்றால் கொழுப்பு அந்தத் திங்கள் இரவில்தான் சேர்ந்தது. கிழமைக்கு ஒரு நாள், பீற்சாவுக்கு முந்திய காலையில், வெறும் வயிற்றில் நிறுங்கள்.

கே: சாப்பிட்டதை நடந்து கழிக்கலாமா? இரவில் நல்லூர் வீதியைச் சுற்றி நடப்பேன்.
– வங்கி ஊழியர், நல்லூர்

ப: 68 கிலோ உள்ள ஒருவர் மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் 225 கலோரி அளவில் செலவாகும். ஒரு பெரிய துண்டுக்கு ஒன்றேகால் மணி நேரம். மூன்று துண்டுக்கு எத்தனை சுற்று என்று நீங்களே பாருங்கள். நடையை விடாதீர்கள், அது இதயத்துக்கும் சீனிக்கும் நித்திரைக்கும் நல்லது. பீற்சாவுக்குத் தண்டம் கட்டுவதாக மட்டும் அதை ஆக்காதீர்கள். சாப்பிட்டவுடன் பதினைந்து நிமிட மெல்லிய நடை போதும். வழியில் ஐஸ்கிறீம் கடையைக் கடக்காத பக்கமாக.

கே: எனக்கு 66 வயது. பத்து வருடமாகச் சலரோகம், குளிசை போடுகிறேன். மகள் வந்தபோது பீற்சா சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தேன், சீனி கூடவில்லை. ஆனால் விடியப் பார்த்தால் கூட. மெசின் பிழையோ?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சாவகச்சேரி

ப: மெசினில் பிழையில்லை ஐயா. சீஸிலும் எண்ணெயிலும் உள்ள கொழுப்பு இரைப்பை வெறுமையாவதைத் தாமதப்படுத்தும். பாண் சாப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் ஏறும் சீனி, பீற்சாவில் நான்கு ஐந்து மணி நேரம் கழித்தும் ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே இரண்டு மணி நேரத்து வாசிப்பை மட்டும் பார்த்து "எனக்குப் பீற்சா ஒத்துக்கொள்ளும்" என்று முடிவெடுக்க வேண்டாம். ஒருமுறை நான்காம் மணியிலும் பாருங்கள்.

அளவுக்கு: மேலே மானிப்பாய் வாசகிக்குச் சொன்ன 10 அங்குலத்தில் பாதி எடுத்தால் மா 55 கிராம், மாப்பொருள் 42 கிராம். 150 கிராம் சோற்றுக்குச் சமன். அன்று இரவு அந்த அளவு சோற்றுக்குப் பதிலாகத்தான் இது, சோற்றோடு கூட அல்ல. இரவு பத்து மணிக்கு வைக்காமல் ஏழு மணிக்குள் முடியுங்கள். குளிசையையோ ஊசியையோ பீற்சாவுக்காக நீங்களாகக் கூட்டவும் வேண்டாம் தவறவிடவும் வேண்டாம். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது இந்த மூன்று வாசிப்புகளையும் எழுதிக்கொண்டு போய் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கே: எங்கள் கடையில் கட்டிச் செடார், முக்கோணச் சீஸ் இரண்டும்தான் கிடைக்கிறது. உருகுகிறது, ஆனால் நூல் இழுபடவில்லை. கொழுப்புக் குறைந்த சீஸ் நல்லதா?
– இ. ர., சுன்னாகம்

ப: முக்கோணச் சீஸ் பதப்படுத்திய சீஸ். சீஸை உருக்கி, பிரியாமல் இருக்க உப்புக்கள் சேர்த்து மீண்டும் வார்த்தது. அது கூழாக உருகுமே தவிர நூலாக இழுபடாது. உப்பும் கூட. நூல் வேண்டுமென்றால் ஈரம் குறைந்த மொஸரெல்லா கட்டியாக வாங்குங்கள், யாழ் நகரத்துப் பெரிய கடைகளின் உறைபெட்டிகளில் இருக்கும். துருவி வரும் பக்கெற்றில் ஒட்டாமல் இருக்க மாச்சத்துத் தூவியிருப்பார்கள், உருகுவது மந்தம்.

செடாரில் 100 கிராமுக்கு 400 கலோரி, மொஸரெல்லாவை விட 100 கூட. ஆனால் மணம் வலுவானது. 45 கிராம் மொஸரெல்லாவோடு 10 கிராம் செடாரைத் துருவிக் கலந்தால் 80 கிராம் மொஸரெல்லா போட்டதுபோல ருசிக்கும். கொழுப்பு மிகக் குறைந்த சீஸ் வேண்டாம். உருகாமல் தோல்போலக் காய்ந்துவிடும். ருசியில்லாததை இரண்டு பங்கு சாப்பிடுவதை விட ருசியானதை ஒரு பங்கு சாப்பிடலாம். சீஸை நன்றாகக் குளிரவைத்து மெல்லிய கண்ணில் துருவினால் 60 கிராம் தட்டு முழுவதும் பரவும். தடித்த துண்டாக வெட்டிப் போட்டால் அதே 60 கிராம் பாதித் தட்டுக்கும் காணாது.

கே: சொசேஜஸுக்குப் பதிலாகக் கணவாய் போட்டேன். செருப்புத் தோல் மாதிரி வந்தது.
– வாசகர், குருநகர்

ப: குருநகரில் இருந்துகொண்டு சொசேஜஸ் வாங்குவதை விட்டீர்களே, அதற்கே ஒரு நன்றி. இறால், கணவாய் இரண்டிலும் 100 கிராமுக்கு 100 கலோரி அளவுதான், சொசேஜஸில் அதன் இரண்டு மூன்று மடங்கு. கணவாய்க்கு இரண்டு வழிதான் உண்டு: ஒன்றரை நிமிடம், அல்லது முக்கால் மணி நேரம். நடுவில் எங்கே நிறுத்தினாலும் தோல்தான். வளையமாக வெட்டி, துடைத்து, காய்ந்த தாச்சியில் கட்டைத்தூளும் உள்ளியும் போட்டு ஒரு நிமிடம் பிரட்டி எடுத்துவையுங்கள். பீற்சா இறக்குவதற்கு ஒரு நிமிடம் முன் மேலே போடுங்கள்.

கே: நல்லூர்க் கொடியேறினால் இருபத்தைந்து நாளும் வீட்டில் சைவம். மரக்கறிப் பீற்சா நிறை குறைக்க நல்லதுதானே?
– வாசகி, கந்தர்மடம்

ப: மரக்கறிப் பீற்சாவில் இறைச்சி இல்லை என்பதற்காகக் கைநிறையச் சீஸ் கூடப் போடும் கடைகள் உண்டு. அப்போது கோழிப் பீற்சாவை விடக் கலோரி கூடும். சீஸ் கூட்டவேண்டாம் என்று சொல்லி எடுங்கள். கத்தரிக்காயைப் பொரித்துப் போட்டிருந்தால் அது பஞ்சுபோல எண்ணெயைக் குடித்திருக்கும். வீட்டிலென்றால் கத்தரிக்காயை மெல்லிதாக வெட்டி உப்புத் தடவி, பிழிந்து, எண்ணெய் தொட்டுச் சுடுங்கள். முருங்கையிலையைச் சீஸுக்குக் கீழே போட வேண்டும், மேலே போட்டால் கருகும்.

விரதம் இறுக்கமாகப் பிடிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். சில சீஸ்களைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனெட்டால் உறைய வைக்கிறார்கள். தாவர அல்லது நுண்ணுயிர் ரெனெட் என்று உறையில் போட்டிருந்தால் பயமில்லை. கடையில் வெட்டும் சில்லும் இறைச்சிப் பீற்சாவுக்கும் இதற்கும் ஒன்றாக இருக்கலாம். வெட்டாமல் தரச் சொல்லி வீட்டில் வெட்டுங்கள்.

கே: மேலே உள்ளதை மட்டும் வழித்துச் சாப்பிட்டு மாவை விட்டுவிட்டால்?
– மாணவி, கோண்டாவில்

ப: கொழுப்பையும் உப்பையும் சாப்பிட்டுவிட்டு மாவை எறிகிறீர்கள். அரை மணி நேரத்தில் பிஸ்கட் பக்கெற்றைத் தேடுவீர்கள். ஒரு துண்டை முழுதாகச் சாப்பிடுங்கள்.

கே: மிஞ்சியதை அடுத்த நாள் எப்படிச் சூடாக்குவது? மைக்ரோவேவில் வைத்தால் சவசவ என்று வருகிறது.
– ஒரு வாசகி, அரியாலை

ப: நம் வெக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் கிடந்ததை, முக்கியமாகக் கோழி, இறால் போட்டதை, எறிந்துவிடுங்கள். பெட்டியோடு குளிர்சாதனப்பெட்டிக்குள் வைத்தால் அட்டை ஈரத்தை இழுத்துக் காயவைக்கும். மூடியுள்ள பாத்திரத்தில் வைத்தால் மூன்று நாள் வரை இருக்கும்.

காய்ந்த தாச்சியில் எண்ணெய் விடாமல் வைத்து, சிறு நெருப்பில் இரண்டு நிமிடம். அடி மொறுமொறுப்பானதும் தாச்சியின் ஓரத்தில், பீற்சாவில் படாமல், அரைத் தேக்கரண்டி தண்ணீர் விட்டு உடனே மூடுங்கள். அந்த ஆவியில் ஒரு நிமிடத்தில் சீஸ் உருகிவிடும். ஆறவைத்துச் சூடாக்கினால் கலோரி பாதியாகிவிடும் என்று சொல்வதை நம்பவேண்டாம். மாச்சத்தில் சிறு பங்கு சமிக்காத வகையாக மாறுவது உண்மை, ஆனால் சீஸும் எண்ணெயும் நேற்று இருந்த அளவிலேயே இருக்கின்றன. பகலுக்கு ஒரு துண்டு என்றால், பக்கத்தில் ஒரு கோப்பை முருங்கையிலைச் சூப்பு வைத்துக்கொள்ளுங்கள். சோறு அன்று வேண்டாம்.